மூன்று வருடப் படிப்பில் 45 நாள் கிடைக்காதா? - தூத்துக்குடியில் டிகிரி முடிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

திங்கட்கிழமை காலை என்றால் தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, குடிதண்ணீர், முதியோர் உதவித்தொகை என்று ஆளுக்கொரு மனுவோடு வரிசையில் நிற்பார்கள். ஊன்றுகோலோடும் மூன்று சக்கர வண்டியோடும் வருகிறவர்களின் மனுவில் பல நேரம் ஒரே கோரிக்கைதான் இருக்கும். 'ஏதாவது ஒரு வேலை கொடுங்க.'

2020-ம் ஆண்டின் தொடக்கத்தில், அந்த மனுக்களுக்குப் பதிலாக அதே வளாகத்தில் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. பெயர் 'கஃபே ஏபிள்'. அப்போது கலெக்டராக இருந்தவர் சந்தீப் நந்தூரி. சமையல், பரிமாறுதல், கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட 12 பேரும் மாற்றுத்திறனாளிகள். கடையைத் திறப்பதற்கு முன்னால் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி ஒன்றில் அவர்களுக்கு 45 நாள் பயிற்சி கொடுக்கப்பட்டது.

செய்தி அப்போது நாடு முழுக்கப் பரவியது. எல்லோரும் கலெக்டரைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால், அந்தச் செய்தியில் எல்லோரும் வேகமாகக் கடந்துபோன விஷயம் அந்த 45 நாள். ஒருவர் வேலைக்குத் தயாராக ஆனது ஒன்றரை மாதம். முதலில் என்ன வேலை என்று முடிவு செய்தார்கள், பிறகு அந்த வேலைக்கே பழக்கினார்கள், பழகியவர்கள் உட்கார ஓர் இடத்தையும் கொடுத்தார்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு பி.காம். படிப்பு மூன்று வருடம், ஆயிரம் நாளுக்கு மேல். அதே மாவட்டத்தில் பட்டப்படிப்பு படிக்கும் ஒரு மாற்றுத்திறனாளி மாணவருக்கு, அந்த ஆயிரம் நாளில் இப்படி ஒரு 45 நாள் எங்காவது கிடைக்கிறதா?

சீட் வரைக்கும் சட்டம் வருகிறது

2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகித இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. சேரும் வயதிலும் 5 வருடத் தளர்வு உண்டு. அரசு வேலையில் 4 சதவிகிதம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்று, செவித்திறன் குறைபாட்டுக்கு ஒன்று, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து ஒன்று. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21.

சேர்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது. முடித்த பிறகு அரசு வேலைக்கும் சட்டம் இருக்கிறது. நடுவில் இருக்கும் மூன்று வருடம்தான் ஆளில்லாத ரயில்வே கேட் மாதிரி கிடக்கிறது. கல்லூரிகளும் வேண்டுமென்றே ஒதுக்குவதில்லை. தரைத்தளத்தில் வகுப்பு, தேர்வுக்கு எழுதித்தர ஆள், கூடுதல் நேரம், கட்டணச் சலுகைக்கு ஒரு கையெழுத்து. இதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டால் 'நாங்க நல்லாப் பாத்துக்கிட்டோம்' என்று நிம்மதி வந்துவிடுகிறது. பாஸ் செய்ய வைப்பதும் வேலைக்குத் தயார் செய்வதும் ஒன்று என்று நினைக்கிற இடத்தில்தான் பிசகு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். நாடு முழுக்க எடுத்தால், மாற்றுத்திறனாளிகளில் ஏதாவது ஒரு வேலையில் இருப்பதாகப் பதிவானவர்கள் சுமார் 36 சதவிகிதம்தான். நூறு பேரில் அறுபத்துச் சொச்சம் பேர் வேலைக்கு வெளியே.

துறைமுக ஊரில் என்ன வேலை?

தூத்துக்குடியில் பி.காம்., பி.பி.ஏ. முடிக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதல் வேலை எங்கே கிடைக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஷிப்பிங் ஆபீஸ். துறைமுகத்தை நம்பிச் சுங்கத் தரகர்கள், கப்பல் ஏஜென்ட்டுகள், கன்டெய்னர் நிலையங்கள் என்று பீச் ரோட்டிலிருந்து புறவழிச்சாலை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி அலுவலகங்கள். உப்பு, கடல் உணவு, உலர் மலர் என்று இந்த ஊர் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு சரக்குக்குப் பின்னாலும் ஒரு கட்டுக் காகிதம் போகிறது.

அந்தக் காகித வேலையை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஏற்றுமதியாளர் அனுப்பும் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் முதலில் வரும். சரக்குக்குரிய எட்டு இலக்க எண்ணைச் சரியாகப் பிடிக்க வேண்டும். சுங்கத்துறையின் இணையதளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய வேண்டும். கப்பல் கம்பெனியிடமிருந்து பில் ஆஃப் லேடிங் வந்ததும் பெயர், எடை, கன்டெய்னர் எண், சீல் எண் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் சரக்கு நின்றுவிடும்; நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். இதில் துறைமுகத்துக்குள் ஓடியாடும் வேலையும் உண்டு. ஆனால், பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் முன்னால், கவனத்தோடு செய்கிற வேலை. காலில் போலியோ வந்த ஒருவருக்கோ, காது கேளாத ஒருவருக்கோ இதில் எது தடை?

முதல் தடை மாடிப்படி. கீழே கடை, மேலே ஆபீஸ், நடுவில் செங்குத்தான படி என்கிற கட்டடங்களில் இயங்கும் சிறிய அலுவலகங்கள் எந்த ஊரிலும் உண்டு. இந்தப் படியை ஒரு மாணவர் மூன்றாம் வருடம் இன்டர்வியூ அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். இரண்டாம் வருடத்திலேயே ஒரு மாதம் அந்த அலுவலகத்தில் பழக அனுப்பியிருந்தால், மாணவர் மட்டுமல்ல, முதலாளியும் பழகியிருப்பார். கீழ்த்தளத்தில் ஒரு மேஜை போட முடியுமா, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து செய்ய முடியுமா என்கிற பேச்சு இன்டர்வியூ மேஜையில் வராது, பழக்கத்தில்தான் வரும்.

மீளவிட்டானில் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்கா திறந்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை வந்தது. மாவட்டத்தில் புது வேலைகள் வருகின்றன. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கும், சாய்தளம் இருக்கும். அப்போது மாடிப்படியைக் காரணம் சொல்ல முடியாது. 'இவருக்கு வேலை தெரியுமா' என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும்.

கேட்டுப் படிக்கிற கம்ப்யூட்டர்

பார்வை தெரியாத மாணவர் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அவர் கம்ப்யூட்டர் பயன்படுத்த முடியும் என்பதே பல ஆசிரியர்களுக்கு இன்றும் ஆச்சர்யம்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். முன்பு அதை விலை கொடுத்து வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குக்கூடக் கட்டுப்படியாகாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பேர், இருவருமே பார்வையற்றவர்கள், 2006-ல் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். அது முழுக்க இலவசம். தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் வசதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற, செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குத் தகுந்த செயலிகளோடு திறன்பேசி கொடுக்கும் திட்டம் தமிழக அரசிடமும் உண்டு. ஆக, கருவி பிரச்னை இல்லை.

பழக்கம்தான் பிரச்னை. மவுஸ் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு எக்செல் தாளில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவுவது, படிவத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காதாலேயே கண்டுபிடிப்பது, வாசிக்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மற்றவர்கள் கண்ணால் படிக்கும் வேகத்தை எட்டுவது. இதெல்லாம் தினமும் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில் உட்கார்ந்தால்தான் கைக்கு வரும். 'கம்ப்யூட்டர் லேப் இருக்கு, வந்து பழகிக்கோ' என்றால் வராது.

அதோடு நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு தமிழுக்கு யூனிகோடு குறியீட்டை 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு. அந்தப் பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று இன்னும் நிறைய இடங்களில் சுற்றுகின்றன. கண்ணுக்கு அது அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' என்ற சொல்லை ஏதோ அடைப்புக்குறி, புள்ளி, எண் என்று வாசிக்கும். போனில் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பாடக்குறிப்புகளும் அப்படியே. அதற்குள் எழுத்து இல்லை, வெறும் படம்தான். ஆசிரியர் அதே குறிப்பை யூனிகோடில் அடித்த கோப்பாக அனுப்பினால் போதும், பைசா செலவில்லாமல் ஒரு மாணவரின் அரை நாள் மிச்சமாகும். ஸ்கேன் செய்த தாளை எழுத்தாக மாற்றும் செயலிகளை மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அலுவலகத்தில் வரும் இன்வாய்ஸும் இப்படித்தான் கோணலாக ஸ்கேன் செய்து வரும்.

காது கேளாத மாணவர்களின் கதை வேறு. அவர்களுக்குத் திரை சிக்கலில்லை, மொழி சிக்கல். சைகை மொழியில் யோசித்து வளர்ந்த ஒருவருக்கு எழுத்துத் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கும் ஐந்து வரி மின்னஞ்சலை எழுதப் பழக்காமல் பட்டம் மட்டும் கொடுத்தால், அலுவலகத்தில் முதல் வாரமே திணறிப்போவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. தூத்துக்குடிப் பிள்ளை அதற்காக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். இத்தனைக்கும் பக்கத்துப் பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளிகள் தொடங்கியது 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே. பள்ளிக்கு நூறு வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிற வட்டாரத்தில் கல்லூரிக்கு அந்த அனுபவம் வந்து சேரவில்லை.

'அவளால முடியாதுல்லா சார்'

வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "தினமும் எப்படி வந்துட்டுப் போவீங்க?" கேள்வி மாணவியிடம். பதில் பக்கத்தில் நிற்கும் அப்பாவிடமிருந்து வரும். "நான் கொண்டுவந்து விட்டுருவேன் சார். அவளால தனியா முடியாதுல்லா சார்."

அந்த அப்பா பொய் சொல்லவில்லை. இருபது வருடமாக அவர்தான் தூக்கிச் சுமந்திருக்கிறார். கல்லூரிக்கும் அவர்தான் டூவீலரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஆனால், கேட்டவர் மனதில் அந்த நிமிடம் என்ன ஓடியிருக்கும்? அப்பாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் இந்தப் பெண்ணும் லீவு.

முத்துக்குளித்த காலத்துக் கதை ஒன்று இந்தக் கடற்கரையில் இன்னும் சொல்வார்கள். இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே இறங்க, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். அக்கா தங்கச்சியின் தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால் கண்ணிமைக்காமல் பார்ப்பான் என்று கணக்கு. எவ்வளவு பாசம் இருந்தாலும் மச்சான் தோணியில்தான் நிற்பான். கூடவே குதித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். வீட்டிலுள்ளவர்கள் கயிறு பிடிக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப்போய்க் குதிக்கிற இடத்துக்கே வந்துவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. முதல் வருடத்தில் கூடவே ஒருவர் போகட்டும். இரண்டாம் வருடம் அடுத்த பஸ்ஸில் பின்னால் போகட்டும். மூன்றாம் வருடம் வீட்டிலிருந்து போனில் மட்டும் விசாரிக்கட்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பயம் இரட்டிப்பு; அதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. கூடப் படிக்கிற இரண்டு தோழிகள் ஒரே ரூட்டில் வருவதாக இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். இதையெல்லாம் பாடத்திட்டத்தில் எழுதிவைக்க முடியாது. வீட்டில்தான் பேச வேண்டும்.

வீடு சரியாகக் கயிறு பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் இருக்கிறார். முழுமையாகப் பார்வை இல்லாதவர். அப்பா ரயில்வே ஊழியர், அம்மா இல்லத்தரசி. அம்மா உட்கார்ந்து செய்தித்தாளும் புத்தகமும் வாசித்துக் காட்ட, மகள் கேட்டுப் படித்தார். திரைவாசிப்பானையும் சேர்த்துப் பழகிக்கொண்டார். ஸ்டேட் பேங்க்கில் புரொபேஷனரி ஆபீசர் வேலை. பிறகு சிவில் சர்வீஸ் தேர்வு. 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வான முதல் முழுப் பார்வையற்ற அதிகாரி ஆனார். அவர் முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு வங்கி வேலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் வரும் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பெரிய கனவுக்குப் படித்திருக்கிறார்.

எனக்கு என்ன தேவை என்று சொல்லத் தெரிவது

சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. மற்றவர்களோடு சமமாக வேலை செய்ய ஒருவருக்குத் தேவையான மாற்றங்களை, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாத வரை, செய்து கொடுக்க வேண்டும். திரைவாசிப்பான் போட்ட கம்ப்யூட்டர், உயரம் குறைந்த மேஜை, போன் அழைப்புக்குப் பதில் எழுத்தில் தகவல், ஃபிசியோதெரபிக்குப் போக அரை மணி நேர நெகிழ்வு. இவை சலுகைகள் அல்ல. வேலை செய்வதற்கான கருவிகள். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று விதி சொல்கிறது. இன்டர்வியூவுக்குப் போகும் முன்னால் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆனால், கேட்கத் தெரிய வேண்டும். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்க சார்' என்று இருபது வருடம் கேட்டுப் பழகிய வாய்க்கு, "எனக்கு இந்த மென்பொருள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பதிவுகள் செய்வேன்" என்று சொல்ல வராது. இதற்கு ஒத்திகை வேண்டும். கண்ணாடி முன்னால் அல்ல, அறிமுகமில்லாத ஒரு மனிதர் முன்னால். கல்லூரியின் முன்னாள் மாணவர்களில் துறைமுகத்திலும் வங்கியிலும் இருப்பவர்கள் எத்தனையோ பேர். வருடத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து மாதிரி இன்டர்வியூ நடத்தச் சொன்னால் மறுக்கவா போகிறார்கள்? அதில் அப்பா அம்மாவுக்கு அனுமதி இல்லை என்பது மட்டும் நிபந்தனை.

வேலைக்கான தேர்வு வாசலிலேயே வாழ்க்கை திரும்பிப்போன ஒருவரின் கதை, தூத்துக்குடியிலிருந்து ஒரு காலைப் பயணத் தூரத்தில், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இருக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணன் இன்ஜினீயரிங் நான்காம் வருடம் படித்துக்கொண்டிருந்தார். 1976 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில், உடல்திறன் சோதனையின்போது விழுந்து முதுகுத்தண்டில் அடி. கழுத்துக்குக் கீழே செயல்பாடு போய்விட்டது. சொந்த ஊருக்குத் திரும்பியவர் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவரோடு தோள்கொடுத்து நிற்கும் எஸ்.சங்கரராமன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். படித்தது சார்ட்டர்டு அக்கவுன்டன்ஸி. பி.காம். வகுப்பில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, 'சி.ஏ. எல்லாம் உனக்கு எதுக்கு' என்று யாராவது சொன்னால், காட்டுவதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

காகிதமும் காலமும்

நடைமுறை விஷயங்களில் தாமதம்தான் நிறையப் பேரின் காலை வாருகிறது. நாடு முழுக்கச் செல்லுபடியாகும் யு.டி.ஐ.டி. அட்டை இன்னும் சிலர் கையில் இல்லை. பழைய அடையாளப் புத்தகம் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவிகிதக் குறைபாடு என்பது அளவுகோல். மருத்துவர் குழு, சான்றிதழ், இணையப் பதிவு எல்லாம் முடிய நாளாகும். மூன்றாம் வருடம் மார்ச் மாதம் அலைவதற்குப் பதில் முதல் வருடம் ஆடி மாதமே முடித்துவிடலாம்.

வங்கித் தேர்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பில் 10 வருடத் தளர்வு இருக்கிறது. தேர்வு எழுத உதவியாளர் தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். இந்த உதவியாளர் விஷயத்தில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோய். 40 சதவிகிதம் இல்லை என்று சொல்லி உதவியாளரை மறுத்தார்கள். தேவை இருக்கிறவருக்கு அளவுகோலைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2025 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு: பார்வையில்லை என்பதற்காக நீதிபதி பணித் தேர்விலிருந்து யாரையும் விலக்கக் கூடாது. சட்டம் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கு இது பெரிய கதவு.

ஆனால், தீர்ப்பு வந்தாலும் தேர்வு அறையில் உதவியாளரோடு உட்கார்ந்து எழுதுவது தனிக் கலை. கேள்வியை அவர் எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும், கணக்கில் எதைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும், எதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பழகினால்தான் நேரம் மிஞ்சும். செமஸ்டர் தேர்வில் ஜூனியர் ஒருவர் வந்து தமிழில் எழுதிக் கொடுத்த அனுபவத்தோடு, ஆங்கிலத்தில் ரீசனிங் கேள்விகள் வரும் போட்டித் தேர்வுக்குப் போனால் முதல் முறை கோட்டை விடுவார்கள். விதிகளும் அவ்வப்போது மாறுவதால் ஒவ்வொரு தேர்வு அறிவிப்பிலும் உதவியாளர் பற்றிய பகுதியை முதலில் படித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒரு வருடம் ஆகியும் வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. பத்து வருடம் வரை கிடைக்கும். தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய தொகைதான். அதே நேரம், பட்டம் வாங்கிய ஒரு பிள்ளைக்குப் பத்து வருடம் வேலை கிடைக்காமல் போகலாம் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அந்தப் பத்து வருடத்துக்கு ஆகும் தொகை ஒருவருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இதில் ஒரு பங்கைப் படிக்கும்போதே 45 நாள் பயிற்சிக்கும், பயிற்சிக் காலத்துப் பஸ், ஆட்டோ செலவுக்கும் போட்டால் என்ன?

அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஊரில் கலைக் கல்லூரிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து மாற்றுத்திறனாளி மாணவர்கள் இருந்தால்கூட, தனித்தனியாகப் பயிற்சி வைப்பது எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. மே மாத விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் வைக்கலாம். ஒரு கல்லூரியின் லேப், இன்னொரு கல்லூரியின் பேருந்து, ஷிப்பிங் நிறுவனங்களிலிருந்து நாள் ஒன்றுக்கு ஓர் அனுபவசாலி. திரைவாசிப்பான் சொல்லித்தர, அதை வைத்தே வேலை பார்க்கும் பார்வையற்ற வங்கி ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டால், பாடத்தோடு நம்பிக்கையும் சேர்ந்து வரும். கடைசி இரண்டு வாரம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் நிஜ மேஜையில், நிஜ இன்வாய்ஸோடு.

இந்த ஜூன் மாதம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிற பெற்றோர் அட்மிஷன் கவுன்டரில் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். போன வருடம் இங்கே படித்து முடித்த மாற்றுத்திறனாளி மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இந்தப் பிள்ளை இரண்டாம் வருடத்தில் எந்த அலுவலகத்தில் பயிற்சிக்குப் போகும்? பதில் உடனே வராது. கேட்டதைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரலாம். யு.டி.ஐ.டி. அட்டை, உபகரணங்கள், திறன்பேசி போன்றவற்றுக்குக் கோரம்பள்ளம் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்க்க வேண்டும். ஆதார் நகல், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும். முடிந்தால் செவ்வாய்க்கிழமை, பிள்ளையை முன்னால் பேசவிட்டு, நீங்கள் பின்னால் நில்லுங்கள்.